ஐந்தரைக் கட்டை

அன்று நடந்ததெல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் மூன்று விதமாக நினைவிருக்கிறது. அங்கே இல்லாத என் அக்காவிடம் நாலாவது ஒன்று இருக்கிறது. இருப்பதிலேயே கோர்வையானது அதுதான். யார் எதை முதலில் சொன்னோம், எதைச் சொன்னதாக நான் பிறகு நினைத்துக்கொண்டேன் என்பதிலெல்லாம் எனக்குக் குழப்பம் உண்டு. யாரும் பேசாமல் இருந்த நேரங்கள் மட்டும் தெளிவாக நிற்கின்றன. என் வேலை அப்படி. ஒலிப்பதிவு செய்கிறவளுக்குச் சத்தத்தைவிட, சத்தம் நின்ற இடம்தான் முதலில் காதில் விழும்.

ஸ்டுடியோ ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரே அறை. சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தோம். பதிவு நடக்கும்போது ஏசியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மூச்சும் சேர்ந்து பதிவாகும். அதனால் அந்த அறையில் எல்லாரும் ஒன்று குளிரில் காத்திருப்பார்கள், அல்லது வியர்வையில் வாசிப்பார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைக்கும் மாஸ்டருடைய இடம் அது. நான் அவரிடம் ஒலிப்பதிவாளராக இருந்தேன். அவருக்கு வழக்கமாக கீபோர்டு வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார். "யாராவது தெரிஞ்சா சொல்லும்மா, நிரந்தரமா வெச்சுக்கறேன்" என்று மாஸ்டர் கேட்டபோது நான் அத்தானைச் சொன்னேன். ஒரு புதுத் தொடரின் தலைப்புப் பாட்டை முதலில் வாசித்துக் காட்டட்டும், பிடித்திருந்தால் அந்த நாற்காலி அவருக்கு என்று பேச்சு.

அத்தான் என் அக்காவின் கணவர். பகலில் பார்சல் ஆபீஸ், சாயங்காலம் மேடை. அவருடைய மெல்லிசைக் குழுவில் அவருக்குப் பட்டப்பெயர் மின்னல். அறிவிப்பாளர் ஒவ்வொரு மேடையிலும் "கீபோர்டில்... நம்ம மின்னல்!" என்று இழுத்துச் சொல்லுவார். அத்தான் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையைத் தூக்கிக் காட்டுவார். எந்தப் பாடகர் எந்த நேரத்தில் சுருதியை மாற்றினாலும் கண் இமைக்காமல் கூடவே போவார் என்று பெயர்.

அன்று காலை அக்கா போன் செய்தாள்.

"கெளம்பிட்டார். பாத்து நடந்துக்கோடி."

"நான் என்ன பாத்து நடந்துக்கணும்? வாசிக்கப்போறது அவர்."

"பார்சல் ஆபீசுக்கு முழுக்குப் போட்டுட்டார். நேத்து சாயந்திரம் வந்து சாவகாசமா சொல்றார். இனிமே ஸ்டுடியோதானாம்."

"ஐயோ, மாஸ்டர் இன்னும் அவர் வாசிச்சே கேக்கலையே!"

"அதைத்தான் நானும் சொன்னேன். மின்னல் சொல்லிட்டா வரும்னு கேக்கறார்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.  போனை வைத்துவிட்டாள்.

அத்தான் கீபோர்டைப் பழைய போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தார்.

"லிஃப்ட் இருக்கே அத்தான்?"

"இதுக்கு லிஃப்ட்ல தலை சுத்தும். எங்க வைக்கணும் சொல்லு, இன்ஜினியரம்மா."

போர்வையை அவிழ்த்தார். ஓரங்களில் வண்ணம் போய், கட்டைகள் பழுப்பேறிய கீபோர்டு. அதன் சின்னத் திரையின் ஒரு மூலையில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். விரிசல் என்றார்.

முதலில் அதன் ஒலியை எடுக்கும் இரண்டு கேபிள்களைப் பதிவுப் பெட்டியில் செருகினேன். ஸ்பீக்கரில் 'உம்' என்று ஒரு முனகல் கிளம்பியது. யாரும் எதையும் தொடாமலே.

"உங்க அக்கா வந்துட்டா" என்றார் அத்தான். "நான் வாயைத் திறந்தா வீட்ல இந்தச் சத்தம்தான்."

அவருடைய கீபோர்டு ஒரு சுவர்ப் பிளக்கிலும் என் கம்ப்யூட்டர் வேறொரு சுவர்ப் பிளக்கிலும் இருந்தன. இரண்டையும் ஒரே பலகைக்குக் கொண்டுவந்ததும் முனகல் நின்றது. பிறகு மெல்லிய இன்னொரு கேபிளை எடுத்து அவருடைய கீபோர்டின் முதுகில் தேடிச் செருகினேன்.

"அது எதுக்கு? அதான் சத்தம் வருதே."

"இது சத்தத்துக்கு இல்ல அத்தான். மிடி. நீங்க எந்தக் கட்டையை அழுத்தறீங்க, எவ்வளவு வேகமா, எப்ப விடறீங்க, அதை மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அப்புறம் மாஸ்டர் அதுக்கு எந்தச் சத்தம் வேணும்னாலும் மாட்டிக்குவார். பியானோ, குழல், அவர் இஷ்டம்."

"சத்தத்தை மட்டும் எடுத்துக்கோயேன். என் கீபோர்டுல நல்ல சத்தமே இருக்கு."

"மாஸ்டர் மிடிதான் கேட்டார்."

"ரெண்டும் எடுக்கறியா, இல்ல இது மட்டுமா?"

"இது மட்டும்தான் அவருக்கு வேணும்."

அத்தான் எழுந்து நடந்தார். அந்த அறையில் நடக்க இடம் கிடையாது. கதவுவரை போய்த் திரும்பினால் நாலு எட்டுகூட வராது. தண்ணீர் குடித்தார். ஸ்பாஞ்சை விரலால் அழுத்தி, அது மெதுவாக எழும்புவதைப் பார்த்தார். மறுபடி தண்ணீர் குடித்தார். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் கையைத் தூக்கிக் காட்டுகிறவருக்கு என் ஒருத்தி முன்னால் என்ன பதற்றம் என்று நான் யோசித்தேன். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார், அதுதான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

பாடகியின் குரல் முன்பே பதிவாகியிருந்தது. ஐந்தரைக் கட்டை சுருதியில். ஏசியை அணைத்தேன். அத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதுகைக் கொஞ்சம் குனிந்து, இடது கையால் ஏதோ பட்டனைத் தட்டினார். பிறகு வாசித்தார்.

அவர் வாசிப்பை நான் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. குரலுக்கு முன்னால் ஓடாமல், பின்னாலும் தங்காமல், அது மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் உள்ளே வந்து போனார். ஒரே டேக். முடித்ததும் கையைக் கட்டையிலேயே வைத்திருந்தார். நான் பதிவை உடனே நிறுத்தவில்லை. அந்த அறை கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

"பரவால்லையா?" என்றார்.

"மாஸ்டர் கால்ல விழப்போறார்."

"போடி, கிண்டல் பண்ணாத" என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

அவருடைய கீபோர்டின் ஒலியைக் குறைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு பியானோவை மாட்டி, வாசித்ததை ஓடவிட்டேன்.

அலங்கோலம். பாடகி ஒரு ஊரில் பாட, பியானோ வேறொரு ஊரில் வாசித்துக்கொண்டிருந்தது. தாளம் சரி, வேகம் சரி, சுருதி மட்டும் எங்கேயோ. நிறுத்தினேன். பியானோவை மாற்றிப் பார்த்தேன். கேபிளைப் பிடுங்கி வேறு கேபிள் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன். அது எழுவதற்குள் அக்கா இரண்டு முறை போன் செய்துவிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி ஓடவிட்டேன். அதே அலங்கோலம்.

"இந்தக் கேபிள் சரியில்ல போல" என்றேன்.

 வாசிப்பதற்கு முன் நடந்துகொண்டே இருந்த அத்தான் இப்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

வாசித்ததைத் திரையில் விரித்தேன். அதில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு சின்னக் கோடாகத் தெரியும். இடப்பக்கம் கீபோர்டு படம் செங்குத்தாக நிற்கும். எந்தக் கோடு எந்தக் கட்டைக்கு நேராக இருக்கிறதோ அதுதான் அழுத்தியது. ஐந்தரையில் வாசித்தால் நாலு கறுப்பும் மூன்று வெள்ளையும் வரவேண்டும். இங்கே ஒரு கோடுகூடக் கறுப்புக் கட்டைக்கு நேராக இல்லை. பாட்டு முழுக்க வெள்ளை. முதல் கட்டையில், ஒரு குழந்தை முதன்முதலில் கற்றுக்கொள்ளும் இடத்தில், அவ்வளவும் இருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன். பிறகு திரும்பி அந்தக் கறுப்பு டேப்பைப் பார்த்தேன். அதன் கீழேதான் சுருதியை ஏற்றி இறக்கும் பட்டனுடைய எண் காட்டும் இடம். பட்டனைத் தட்டிவிட்டால் ஒரே இடத்தில் வாசிக்கலாம், சத்தம் மட்டும் வேண்டிய கட்டையில் வரும். அவருடைய பழைய கீபோர்டில் அந்த மாற்றம் அதன் ஒலியில் மட்டும்தான் நடந்தது. கேபிள் வழியாக அது உள்ளதைச் சொல்லிவிட்டது: விரல் எங்கே விழுந்தது என்பதை.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எனக்கு ஒரு கட்டைதான் தெரியும்."

"எல்லாப் பாட்டுமா அத்தான்?"

"எல்லாப் பாட்டும்." ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "குழுவுல சேந்த புதுசுல ஒருத்தன் நாலுல பாடுவான், ஒருத்தி அஞ்சுல பாடுவா. ஒவ்வொண்ணா கத்துக்கலாம்னுதான் நெனச்சேன். பட்டன் இருந்துச்சு. தட்டினேன். அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தோள்ல தட்டிக் குடுத்தாங்க. அப்புறம் எப்படி உக்காந்து கத்துக்கறது? மின்னலுக்கு யாராவது பாடம் எடுப்பாங்களா?"

"அக்காவுக்கு?"

"உங்க அக்காவுக்கு டேப் ஒட்டினா திரை உடையாதுன்னு தெரியும்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"இது ஒண்ணுமே இல்ல அத்தான், பாருங்க" என்று சொல்லி, கோடுகள் மொத்தத்தையும் சுற்றிப் பிடித்து, கறுப்பும் வெள்ளையுமாக எண்ணி நாலு படி கீழே, அங்கே இருக்கும் ஐந்தரைக்கு இறக்கினேன். ஓடவிட்டேன். பியானோ பாடகியின் மடியில் போய் உட்கார்ந்தது. அழகாக இருந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன், நிம்மதியாகியிருப்பார் என்று.

அவர் முகம் இன்னும் கெட்டுப்போயிருந்தது. "இவ்வளவுதானா" என்றார். இத்தனை வருஷம் அவர் பயந்துகொண்டிருந்ததை நான் ஒரு கைச்சொடுக்கில் சரிசெய்ததுதான் அவரை வருத்தியது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைத்தேனா என்பது சந்தேகம்.

மாஸ்டர் வர இன்னும் நேரம் இருந்தது. அவருடைய பழக்கம் ஒன்றை அத்தானுக்குச் சொல்லி வைத்திருந்தேன்: எதைக் கேட்டாலும் முதல் வரியை மட்டும் மாற்றச் சொல்லுவார். முதல் வரியை மாற்றாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அத்தான் தன் கீபோர்டின் பட்டனைத் தட்டி சுருதியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதல் வரியை நிஜமான ஐந்தரையில் தேட ஆரம்பித்தார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை, கட்டைகளின் டொக்டொக் மட்டும். விரல்கள் கறுப்புக்கு ஏறி, சறுக்கி, திரும்ப ஏறின. ஒரே வரி. நிறுத்தாமல். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது; துடைக்கவில்லை.

நடுவில் ஹெட்போனைக் கழற்றி, "அவர் கேட்டா நான் பாத்துக்கறேன்" என்று சொன்னார். இதைச் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை. அது வீம்புக்குச் சொன்னது என்று நான் எடுத்துக்கொண்டேன். "நீ எதுவும் செய்யாதே" என்றும் சேர்த்துச் சொன்னதாக அக்கா சொல்கிறாள்.

மாஸ்டர் காதில் போனோடு வந்தார். யாரையோ திட்டி முடித்துவிட்டு, "எங்க, போடும்மா" என்றார். இறக்கிய பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிகிறவரை போன் இரண்டு தரம் அதிர்ந்தது, எடுக்கவில்லை. அவர் போனை எடுக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"மின்னல் சார், பேர் சும்மா வெக்கல போலருக்கே" என்றார். "மூச்சு வாங்கற எடத்துல வந்து நிக்கறீங்க பாருங்க, அது சொல்லிக் குடுத்து வராது. முதல் வரி மட்டும்..."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

மாஸ்டர் ஸ்டுடியோவின் பெரிய கீபோர்டில் உட்கார்ந்தார். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசும். முதல் வரியை வாசித்து, கடைசி மூன்று ஸ்வரங்களை மட்டும் வேறு மாதிரி முடித்துக் காட்டினார். எழுந்து, ஸ்டூலைத் தட்டி, "வாங்க, இதுலயே உக்காருங்க. இனிமே இதுதானே உங்க எடம்" என்றார்.

அத்தானுக்கும் எனக்கும் நடுவே மாஸ்டரின் அகலமான முதுகு நின்றது. ஐந்தரை கைக்கு வந்துவிட்டதா என்று அவரைக் கேட்க வழியில்லை. அத்தானின் விரல்கள் கட்டைக்கு மேலே நிற்பது மட்டும் தெரிந்தது. பயம் எனக்குத்தான் வந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் பெரிய கீபோர்டுக்கு 'கழித்தல் நாலு' என்று போட்டேன், எதை வாசித்தாலும் நாலு படி கீழே கேட்கும்படி. அவர் தனக்குத் தெரிந்த இடத்தில் வாசித்தால் ஐந்தரையில் கேட்கும். மாஸ்டர் கையைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

அத்தான் வாசித்தார். கறுப்பில்.

விரல்கள் சரியான இடத்தில்தான் விழுந்தன. நான் இறக்கிவிட்டதால் சத்தம் மூன்று கட்டையில் வந்தது.

நிறுத்தினார். தன் விரல்களைப் பார்த்தார், யாரோ இரவல் கொடுத்தவை மாதிரி. மறுபடி அதே இடத்தில் வைத்தார். மறுபடி மூன்று.

"என்ன சார், மூணுல போறீங்க? பாட்டு அஞ்சரை."

"தெரியும் மாஸ்டர்" என்றார். 

என் கை மவுசில் இருந்தது. இப்போது எடுத்துவிட்டால் மூன்றாம் முறை சரியாக வரும். இரண்டு முறை தவறியதாக மட்டும் ஆகும். எடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் அத்தானின் விரல்கள் கட்டையின் மேல் ஊர்ந்து, காதுக்குச் சரியாகப் படும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தன. நல்ல காது அவருக்கு. வெள்ளைக் கட்டைகளுக்கு வந்து சேர்ந்தன. அங்கே முதல் வரி தடங்கலே இல்லாமல், மாஸ்டர் கேட்ட மாதிரியே முடிந்தது.

சட்டென்று கையை எடுத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மாஸ்டர் குனிந்து கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும்.

"ஏம்மா, எறக்கி வெச்சிருக்கியா?"

"ஆமா மாஸ்டர்."

"எதுக்கு?"

ஏசி அணைத்திருந்தது. கண்ணாடிக் கடையில் யாரோ ஷட்டரை இழுக்கும் சத்தம் மூன்று மாடிக்கும் ஏறி வந்து நின்றது.

"எனக்காக" என்றார் அத்தான். "நான் பட்டன் போட்டுத்தான் வாசிப்பேன். ஒரு கட்டைதான் தெரியும்."

மாஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எடுத்துடும்மா" என்றார். எடுத்தேன். "இப்ப வாசிங்க சார், கேப்போம்."

அத்தான் கறுப்பில் கையை வைத்தார். கொஞ்சம் முன்னால் அவருக்கு வந்த வரிதான். இரண்டு ஸ்வரம் வந்தது. மூன்றாவதுக்கு விரல் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. எந்தச் சத்தத்தை நம்புவது என்று தெரியாமல் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் பதிவு செய்திருந்தால் இன்றைக்கும் என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

"சரி, விடுங்க" என்றார் மாஸ்டர். "காலைல எடுத்தது நல்லா இருக்கு. அதையே வெச்சுக்கலாம். முதல் வரியை நான் போட்டுக்கறேன்." தயங்கி, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் உக்காந்து மெட்டுப் போடும்போது நிமிஷத்துக்கு ஒரு கட்டை மாத்துவேன் சார். பக்கத்துல கை கூடவே வரணும். சொல்லி அனுப்பறேன்."

அவர் சொல்லி அனுப்ப மாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

போர்வையைச் சுற்றும்போது ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் வெளியே போனில் இருந்தார்.

"வந்திருக்கும்" என்றார் அத்தான். "அஞ்சரைல வந்திருக்கும்."

"தெரியும் அத்தான்."

"தெரியாது ஒனக்கு. தெரிஞ்சிருந்தா அதைப் போட்டிருக்க மாட்டே."

படியில் இறங்கிப் போனார். லிஃப்ட்டைக் கூப்பிடவில்லை.

மாஸ்டர் அடுத்த வாரமே ஒரு பெண்ணை வைத்துக்கொண்டார். போனில் பேசிக்கொண்டே எந்தக் கட்டையிலும் வாசிப்பாள், நல்ல பெண். அந்தத் தொடர் ஒன்றரை வருஷம் ஓடியது. தலைப்புப் பாட்டில் அத்தான் வாசித்ததுதான் வந்தது, பியானோவுக்குப் பதில் குழல் சத்தத்தில். அந்த நேரத்தில் அக்கா தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பாள், அத்தான் வீட்டில் இருக்க மாட்டார். பார்சல் ஆபீஸ் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக் கிடங்கு ஒன்றில் சேர்ந்து இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அக்கா என்னோடு பல மாதம் பேசவில்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் வந்தபோது பேச வேண்டியதாயிற்று, அப்படியே தொடர்ந்துவிட்டது. மாஸ்டர் பெரிய கட்டடத்துக்கு மாறினார். நான் கூடப் போகவில்லை, விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்கிறேன். அத்தான் சனி ஞாயிறுகளில் மேடையில் வாசிக்கிறார், பட்டனைத் தட்டித்தான். தோளில் வலி வந்துவிட்டதால் கீபோர்டைத் தூக்க ஆள் வைத்திருக்கிறார்.